மேலாண்மை வகுப்பில் பிரச்சினை சார்ந்த கற்றல்: ஒரு சுற்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்துவதற்கான வழிகாட்டி

இந்த வழிகாட்டி 60 மாணவர்கள், ஒரே ஆசிரியர், 50 நிமிடப் பாடவேளைகள் என்றிருக்கும் சாதாரண எம்.பி.ஏ. வகுப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பி.காம்., பி.பி.ஏ. இறுதியாண்டு வகுப்புகளுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். எடுத்துக்காட்டாக நடைமுறை மூலதனம் (தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவைப்படும் பணம்) என்ற ஒரே அலகை எடுத்துக்கொண்டு, திருப்பூர் பின்னலாடைத் தொழிலின் பின்னணியில் நான் எழுதிய ஒரு கற்பனை நிறுவனத்தின் பிரச்சினையை இறுதிவரை பின்தொடர்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அத்தியாயத்தை நடத்தி முடித்த பிறகு கொடுப்பது பயிற்சிக் கணக்கு. வேண்டிய விவரங்களை எல்லாம் இருபது பக்கங்களில் அடுக்கிக் கொடுத்து, அவற்றைப் படித்துவிட்டு வந்து வாதிடச் சொல்வது கேஸ் ஸ்டடி. பிரச்சினை சார்ந்த கற்றலில் பாடம் தொடங்குவதற்கு முன்பே பிரச்சினை மாணவர் கைக்கு வந்துவிடுகிறது. அதைத் தீர்க்கத் தமக்கு என்ன தெரியவில்லை என்பதை அவர்களே கண்டறிந்து, அதைத் தேடிப் படித்து, திரும்பி வந்து தீர்க்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் பயன் கிடைக்காது. நான் முதன்முறை செய்தபோது, மாணவர்கள் திணறுவார்களோ என்று பயந்து முதல் நாள் விரிவுரை நடத்திவிட்டு மறுநாள் பிரச்சினையைக் கொடுத்தேன். இருபது நிமிடத்தில் பத்துக் குழுக்களும் ஒரே சூத்திரத்தைப் போட்டு ஒரே விடையோடு நிமிர்ந்து பார்த்தன.

1. நேரத்தையும் அனுமதியையும் முன்கூட்டியே பெறுதல்

ஒரு சுற்றுக்கு அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகள் சேர்ந்த அமர்வுகள் இரண்டு தேவை; அவற்றுக்கிடையே ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளி வேண்டும்; இறுதியில் விரிவுரைக்கு இன்னும் ஒரு பாடவேளை. ஆக, 5 பாடவேளைகள். கால அட்டவணை தயாராகும்போதே இரட்டைப் பாடவேளையைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். 50 நிமிடத்துக்குள் முதல் அமர்வை முடிக்க முயன்றால், குழு பேசத் தொடங்கும் நேரத்தில் மணி அடித்துவிடும், அடுத்த வகுப்பில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் எவ்வளவு பங்கை இதற்கு ஒதுக்கலாம் என்பதைத் துறைத் தலைவரிடம் பேசி எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. மதிப்பெண் இல்லாத வேலைக்கு இரண்டாம் வாரத்திலேயே ஆர்வம் வடிந்துவிடும். அதற்காக மாணவர்களைக் குறை சொல்வதில் பொருளில்லை, அவர்கள் கையில் அதே வாரத்தில் வேறு நான்கு பாடங்களின் ஒப்படைப்புகளும் இருக்கின்றன.

நகர்த்தக்கூடிய நாற்காலிகள் உள்ள அறையும் குழுவுக்கு ஒரு பெரிய சார்ட் தாளும் போதும். ஸ்மார்ட் போர்டு தேவையில்லை. மேசைகள் தரையில் பதிக்கப்பட்ட அரங்கு வகுப்பறை மட்டும் வேண்டாம். ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு ஆறு பேர் பேச முடியாது.

2. எல்லா அலகுகளையும் மாற்றாதிருத்தல்

ஐந்து அலகுகள் உள்ள பாடத்திட்டத்தில் முதல் முறை ஒன்று, பழகிய பிறகு இரண்டு என்ற அளவோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை. இந்த முறை விரிவுரையைவிடக் கூடுதல் நேரத்தை விழுங்கும் என்பதால், ஐந்தையும் மாற்ற முற்படும் ஆசிரியர் செமஸ்டரின் கடைசி மூன்று வாரங்களில் ஸ்லைடுகளை ஓடவிட்டுப் பாடத்தை முடிக்கும் நிலைக்கு வருகிறார்.

தேர்ந்தெடுக்கும் அலகில் ஒரு முடிவு எடுக்க வேண்டிய கட்டாயம் இருக்க வேண்டும். நடைமுறை மூலதனம், விலை நிர்ணயம், சரக்கிருப்பு, பணியாளர் விலகல், விநியோக வழிகள் ஆகியவை பொருந்தும். மேலாண்மைச் சிந்தனையின் வளர்ச்சி, நிறுவனச் சட்டத்தின் வரையறைகள் போன்றவற்றை நேரடியாகவே நடத்திவிடலாம்.

3. கற்க வேண்டியவற்றை எழுதிவிட்டுப் பிரச்சினையைத் தேடுதல்

புதியவர்கள் செய்தித்தாளில் ஒரு சுவையான நிகழ்வைப் படித்துவிட்டு, அதைப் பிரச்சினையாக்கி, பிறகு எந்தப் பாடத்தோடு ஒட்டலாம் என்று பார்க்கிறார்கள். வகுப்பு கலகலப்பாகத்தான் போகும், ஆனால் பாடத்திட்டத்தில் உள்ள எதையும் தொடாமல் முடியும். ஆகவே முதலில் ஒரு தாளில், இந்தச் சுற்றின் முடிவில் மாணவர் எவற்றைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான்கு அல்லது ஐந்து வரிகளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

என் எடுத்துக்காட்டில் அந்த வரிகள் இவை: லாபத்துக்கும் ரொக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை எண்களால் காட்டுதல், கடனாளிகள், சரக்கிருப்பு, கடனீந்தோர் ஆகியவற்றின் நாட்களைக் கொண்டு பணச் சுழற்சிக் காலத்தை (தொழிலில் போட்ட பணம் ரொக்கமாகத் திரும்பி வர ஆகும் நாட்களை) கணக்கிடுதல், வங்கி நடைமுறை மூலதனக் கடனை எந்த அடிப்படையில் தருகிறது என்று அறிதல், சிறு நிறுவனங்களுக்குத் தாமதமாகப் பணம் தருவது பற்றிய சட்டத்தைப் பயன்படுத்தத் தெரிந்துகொள்ளுதல், இவற்றை வைத்து ஓர் ஆர்டரை ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுத்தல்.

இந்தத் தாளை மாணவர்களிடம் காட்டக் கூடாது. முதல் அமர்வில் அவர்கள் தாமே எழுதப்போகும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க அது ஆசிரியரிடம் இருக்க வேண்டும்.

4. பிரச்சினைத் தாளை எழுதுதல்

வேலையில் பாதி இதுதான். தாள் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. என்னுடைய தாளை அப்படியே தருகிறேன்.

‘திருப்பூரில் உள்நாட்டுச் சந்தைக்காக டி-சர்ட் தைக்கும் ஒரு சிறு நிறுவனத்தின் விற்பனை கடந்த ஆண்டு 6 கோடி ரூபாய்; இந்த ஆண்டு 9 கோடி. இரண்டு ஆண்டும் லாபம் என்று ஆடிட்டர் சொல்கிறார். ஆனால் கடந்த 11 வாரங்களில் 4 சனிக்கிழமைகள் வாரச் சம்பளத்தைக் குறித்த நேரத்தில் கொடுக்க முடியவில்லை. ஓவர்லாக் டெய்லர்கள் ஆறு பேர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். நூல் மில்காரர் இனி முன்பணம் இல்லாமல் லோடு ஏற்ற முடியாது என்கிறார். சென்ற ஆண்டு புதிதாக வந்த பெரிய வாடிக்கையாளர் இன்னும் 40,000 பீஸுக்கு ஆர்டர் தரத் தயாராக இருக்கிறார். திங்கட்கிழமைக்குள் பதில் கேட்கிறார். உரிமையாளர் உங்களிடம் கேட்பது இரண்டே கேள்விகள். லாபம் வருகிறது என்றால் அந்தப் பணம் எங்கே போகிறது? இந்த ஆர்டரை எடுக்கலாமா?’

இந்தத் தாளில் நடைமுறை மூலதனம் என்ற சொல்லே இல்லை. அது வேண்டுமென்றே விடப்பட்டது. அத்தியாயத்தின் தலைப்பு தாளில் இருந்தால் மாணவர் பாடநூலின் அந்தப் பக்கத்தைத் திறந்து சூத்திரத்தை எடுத்துவிடுவார். தலைப்பு இல்லாதபோது, இது ஆள் பற்றாக்குறையா, விலை குறைவா, நிர்வாகக் குறையா, கணக்குப் பிழையா என்று தேட வேண்டியிருக்கிறது. நிறுவனத்தில் உட்காரும்போதும் பிரச்சினை எந்த அத்தியாயம் என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

கடன் நாட்கள் எத்தனை, வங்கிக் கடன் எவ்வளவு, வாடிக்கையாளருடன் ஒப்பந்தம் உண்டா என்பவையும் தாளில் இல்லை. இந்த விவரங்கள் தேவை என்று மாணவருக்குத் தோன்றுவதே கற்றலின் பெரும்பகுதி என்பதால், தாளில் எதை எழுதுகிறோம் என்பதைவிட எதை எழுதாமல் விடுகிறோம் என்பதற்கே நான் அதிக நேரம் செலவிடுகிறேன்.

நாள் குறித்த ஒரு முடிவு தாளில் கட்டாயம் இருக்க வேண்டும். மருத்துவக் கல்வியில் இம்முறையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு நோயைக் கண்டறிவது என்ற இயல்பான இலக்கு இருக்கிறது. மேலாண்மையில் காரணத்தைக் கண்டறிவது பாதி வழிதான். அதன் பிறகு, தகவல் முழுமையாக இல்லாத நிலையிலும், யாராவது நஷ்டப்படும் வகையில் ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டும். ‘இந்நிறுவனத்தின் பிரச்சினைகளை ஆராய்க’ என்று முடியும் தாளுக்கு, ‘தொடர்பு மேம்பட வேண்டும், திட்டமிடல் வேண்டும்’ என்ற வகையில் எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் பதில்கள்தாம் வரும். திங்கட்கிழமை என்ற கெடு அந்த வசதியைப் பறித்துவிடுகிறது.

தாளை வகுப்புக்குக் கொண்டுபோகும் முன், அதே பாடத்தை நடத்தாத இரு சக ஆசிரியர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இருவரும் உடனே ஒரே காரணத்தைச் சொன்னால் தாள் மிக எளிது. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் இன்னும் ஒரு தடயம் சேர்க்க வேண்டும். நூல் மில்காரர் பற்றிய வரி அப்படிப் பின்னால் சேர்ந்ததுதான்.

உண்மையான நிறுவனம் ஒன்றின் பெயரையோ அதை அடையாளம் காட்டும் எண்களையோ பயன்படுத்த வேண்டாம். நம் வகுப்புகளில் எப்போதும் ஒருவருடைய மாமாவோ சித்தப்பாவோ அதே தொழிலில் இருப்பார்.

5. கேட்டால் மட்டும் கொடுக்கும் இரண்டாம் தாள்

பிரச்சினைத் தாளோடு சேர்த்தே ஆசிரியர் இன்னொரு தாளையும் தயாரித்துக் கையில் வைத்திருக்க வேண்டும். குழு ஒரு விவரத்தைக் காரணத்தோடு கேட்டால் அந்த ஒரு வரியை மட்டும் சொல்ல வேண்டும். ‘வேறு விவரம் ஏதாவது இருக்கிறதா சார்?’ என்ற கேள்விக்கு எதுவும் கிடையாது. இந்த விதியைத் தளர்த்தினால் அரைமணி நேரத்தில் தாள் முழுவதும் எல்லாக் குழுக்களுக்கும் போய்ச் சேர்ந்து, வகுப்பு மீண்டும் கேஸ் ஸ்டடியாகிவிடும்.

என் இரண்டாம் தாளில் உள்ளவை: முன்பு வாடிக்கையாளர்கள் சராசரியாக 60 நாளில் பணம் தந்தார்கள், புதியவர் வந்த பிறகு சராசரி 90 நாள், நூலுக்கு முன்பு 30 நாள் கடன், இப்போது முன்பணம், வங்கியின் சி.சி. (கேஷ் கிரெடிட், அதாவது வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன்) வரம்பு 1.2 கோடி ரூபாய், விற்பனை 6 கோடியாக இருந்தபோது நிர்ணயித்தது, இப்போது முழுவதும் எடுக்கப்பட்டுவிட்டது. 12 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய தையல் இயந்திரங்களுக்கும் பணம் அந்த சி.சி. கணக்கிலிருந்தே போனது, நிறுவனம் சிறு நிறுவனமாக உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) பெற்றது, ஆனால் பில்லில் அந்த எண் இல்லை, வாடிக்கையாளருடன் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லை.

எண்களை எழுதிய பிறகு ஆசிரியரே ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்துவிட வேண்டும். ஆண்டுக்கு 6 கோடி என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.64 லட்சம், 60 நாளுக்கு 99 லட்சம் ரூபாய் கடனாளிகளிடம் நிற்கும். 9 கோடிக்கு நாளொன்றுக்கு 2.47 லட்சம்; 90 நாளுக்கு 2.22 கோடி. கூடுதலாக முடங்கியது 1.23 கோடி. இதில் விற்பனை வளர்ந்ததால் வந்தது ஏறத்தாழ 49 லட்சம். கடன் நாள் நீண்டதால் வந்தது 74 லட்சம். வேகமாக வளர்ந்ததுதான் காரணம் என்று பெரும்பாலான குழுக்கள் நினைக்கும். இந்தப் பிரிப்பைச் செய்து பார்க்கும் குழு மட்டுமே அதைவிடப் பெரிய பங்கு ஒரே வாடிக்கையாளரின் பழக்கத்தால் வந்தது என்று கண்டுபிடிக்கும்.

6. குழு பிரித்தல்

ஆறு பேர் கொண்ட பத்துக் குழுக்கள். நான்கு பேருக்குக் குறைந்தால் ஒருவர் விடுப்பு எடுத்தாலே பேச்சு நின்றுபோகும். எட்டுக்கு மேல் போனால் இருவர் சும்மா இருந்தும் யாருக்கும் தெரியாது. நண்பர்களாகச் சேர விடாமல் ஆசிரியரே பிரிக்க வேண்டும். பி.காம். படித்துவிட்டு வந்தவர், பொறியியல் படித்தவர், வேலை பார்த்த அனுபவம் உள்ளவர் ஆகியோர் ஒவ்வொரு குழுவிலும் கலந்திருக்கட்டும். கணக்குப் படித்தவர்கள் எல்லாம் ஒரே குழுவில் சேர்ந்துவிட்டால் மற்ற ஒன்பதும் அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

குழுவுக்கு ஒரு தலைவர், ஒரு பதிவாளர். பேச்சு எல்லோரையும் சுற்றி வரச் செய்வது தலைவரின் வேலை. பேசுவதைச் சார்ட்டில் எழுதுவது பதிவாளரின் வேலை. அடுத்த சுற்றில் இருவரும் மாற வேண்டும். எந்த மொழியில் பேசுவது என்பதையும் இங்கேயே தெளிவாக்கிவிடலாம். தமிழில் பேசலாம், சார்ட்டிலும் தமிழில் எழுதலாம் என்று நான் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்றிருந்த ஒரு செமஸ்டரில் நன்றாகச் சிந்திக்கும் மாணவர்கள் பலர் வாயே திறக்கவில்லை.

7. முதல் அமர்வு

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் ஏழு படி வரிசை இருக்கிறது. அங்கே மருத்துவத்தில் மட்டுமல்லாமல் வணிக, பொருளாதாரப் படிப்புகளிலும் இம்முறை நடைமுறையில் உள்ளது. அவ்வேழில் முதல் ஐந்து இந்த அமர்வுக்கு உரியவை, ஆறாவது வெளியே படிப்பது, ஏழாவது திரும்பி வந்து தெரிவிப்பது.

முதல் 10 நிமிடம் புரியாத சொற்களுக்கு. ஓவர்லாக் என்றால் என்ன, லோடு என்றால் என்ன என்று கேட்கட்டும். அடுத்த 15 நிமிடத்தில், பிரச்சினை என்ன என்பதைக் குழு ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். ‘சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை’ என்பது அறிகுறி. ‘லாபம் இருந்தும் ரொக்கம் ஏன் இல்லை’ என்பது பிரச்சினை. இந்த வாக்கியம் தவறாக அமைந்தால் பின்னால் வருவதெல்லாம் தவறும் என்பதால், பத்துக் குழுக்களையும் சுற்றி வந்து இதைப் படித்துப் பார்த்த பிறகே அடுத்த படிக்கு விடுகிறேன்.

பிறகு 25 நிமிடம், தெரிந்ததை வைத்துக் காரணங்களை ஊகிப்பது. இங்கே எதையும் தள்ளக் கூடாது. உரிமையாளர் பணத்தை எடுத்துவிட்டார், ஆடிட்டர் கணக்கு தவறு என்றெல்லாம் வரும், எழுதட்டும். அதற்கடுத்த 20 நிமிடத்தில் ஊகங்களைத் தொகுத்து, எது எதற்குக் காரணம் என்று கோடு போட்டு இணைக்க வேண்டும். இணைக்க முடியாமல் நிற்கும் இடங்களே தெரியாத இடங்கள். கடைசி 20 நிமிடத்தில் அவற்றைக் கேள்விகளாக மாற்றி எழுதினால் அதுவே குழுவின் கற்றல் பட்டியல். ‘வங்கிக் கடன் பற்றிப் படிக்க வேண்டும்’ என்பது கேள்வியாகாது. ‘9 கோடி விற்பனை உள்ள நிறுவனத்துக்கு வங்கி எவ்வளவு வரை தரும், எதை வைத்து முடிவு செய்யும்’ என்பது கேள்வி. முன்னதை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போகும் மாணவர் பத்துப் பக்கம் நகலெடுத்துக்கொண்டு வருவார்.

இந்த 100 நிமிடத்தில் மீதியுள்ள 10 நிமிடம், ஆசிரியர் ஒவ்வொரு குழுவின் பட்டியலையும் தன் ரகசியத் தாளோடு ஒப்பிடுவதற்கு. ஒரு முக்கியமான கேள்வி விட்டுப்போயிருந்தால் அதைச் சொல்லிவிடாமல், அதை நோக்கித் தள்ளும் கேள்வியைக் கேட்க வேண்டும். சட்டம் பற்றி ஒரு குழு யோசிக்கவே இல்லை என்றால், ‘90 நாள் கழித்துத் தருவேன் என்று அந்த வாடிக்கையாளர் சொன்னால் இவர் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டுமா?’ என்று கேட்டால் போதும்.

ஆசிரியருக்கு மிகக் கடினமானது வாயை மூடிக்கொண்டிருப்பது. நமக்குத் தெரிந்த விஷயம், ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம், ஆறு பேர் தவறான திசையில் போய்க்கொண்டிருக்கிறார்கள். விளக்கிவிட்டால் அந்தக் குழு அன்று முதல் உங்கள் முகத்தைப் பார்த்தே பேசும். நான் நான்கு கேள்விகளை ஒரு அட்டையில் எழுதிக் கையில் வைத்துக்கொள்கிறேன்: ‘இதை எப்படிச் சொல்கிறீர்கள்?’, ‘இது உண்மையென்றால் வேறு என்ன நடந்திருக்க வேண்டும்?’, ‘இதைச் சரிபார்க்க எந்த எண் வேண்டும்?’, ‘இதற்கு எதிர்க்கருத்து உள்ளவர் யார்?’ இவற்றுக்கு வெளியே பேச வேண்டும் என்று தோன்றினால் அடுத்த குழுவுக்கு நகர்ந்துவிடுகிறேன். ‘சார், இது எக்ஸாமுக்கு வருமா?’ என்ற கேள்விக்கு மட்டும் நேரான பதில் சொல்லலாம்: வரும்.

8. இடைப்பட்ட நாட்கள்

பட்டியலில் உள்ள எல்லாக் கேள்விகளையும் எல்லோரும் படிக்க வேண்டும். ஆளுக்கொரு கேள்வி என்று பங்கு போட்டுக்கொள்வதே மாணவர்களுக்கு இயல்பாகத் தோன்றும். அப்படிச் செய்தால் இரண்டாம் அமர்வில் ஆறு சிறு விரிவுரைகள் நடக்கும், யார் சொன்னதையும் யாராலும் மறுத்துக் கேட்க முடியாது. ஒரே கேள்வியைக் குறைந்தது இருவர் வெவ்வேறு இடத்தில் படித்திருந்தால்தான் முரண்பாடு எழும், பேச்சும் வளரும்.

பாடநூலைத் தவிர, ஒரு ஆடிட்டரையோ வங்கிக் கிளை மேலாளரையோ அரைமணி நேரம் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஏற்பாடு செய்தால் நல்லது. அவரை உரையாற்ற அழைக்க வேண்டாம், மாணவர்கள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லும்படி முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாணவர்கள் பிரச்சினைத் தாளை அப்படியே ஏ.ஐ. செயலியில் போட்டு விடை கேட்பார்கள். தடுக்க முடியாது, தடுப்பதில் நேரத்தைச் செலவிடவும் வேண்டாம். இரண்டாம் தாளின் விவரங்கள் ஆசிரியரிடம் மட்டுமே இருப்பதால், செயலி தரும் பதில் பொதுவானதாகவே இருக்கும். அந்தப் பதிலை அச்சிட்டுக் கொண்டுவந்து, நம் நிறுவனத்துக்கு எந்த வரி பொருந்தாது, ஏன் என்று எழுதச் சொல்கிறேன்.

9. இரண்டாம் அமர்வு

முதல் 40 நிமிடம், தேடியதைக் குழுவுக்குள் தெரிவிப்பது. தாளைப் பார்த்துப் படிக்க அனுமதி இல்லை. புரிந்துகொள்ளாமல் எழுதிவந்தவரிடம் தாளை மூடச் சொன்னவுடன் அது வெளிப்பட்டுவிடும்.

இந்தப் பிரச்சினையில் நல்ல குழுக்கள் கொண்டுவரும் செய்திகள் ஏறத்தாழ இப்படி இருக்கும். 5 கோடி ரூபாய் வரை நடைமுறை மூலதனக் கடன் வரம்பு உள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதத்தையாவது வங்கி வரம்பாகத் தரலாம் என்ற கணக்கு இருக்கிறது. உரிமையாளரின் பங்கு விற்பனையில் 5 சதவீதம். அதன்படி 9 கோடிக்கு வரம்பு 1.8 கோடி, உரிமையாளர் போட வேண்டியது 45 லட்சம். பழைய 1.2 கோடி 6 கோடிக்குச் சரியாக இருந்தது, விற்பனை உயர்ந்தபோது யாரும் வங்கிக்குப் போய்த் திருத்திக் கேட்கவில்லை. அந்த வரம்பிலும் 12 லட்சத்தை இயந்திரத்தில் போட்டது, குறுகிய காலப் பணத்தை நீண்ட காலச் சொத்தில் முடக்கிய தவறு.

சட்டப் பக்கத்தில், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் வாங்குபவர் பணம் தருவது 45 நாளுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் 16ஆம் பிரிவின்படி ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 43பி(எச்) விதி, 2023-24 நிதியாண்டு முதல், குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் தராத வாங்குபவர், உண்மையில் பணம் தந்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்று வைத்தது.

இந்த இடத்தில் குழுக்கள் உற்சாகமடைந்து, வாடிக்கையாளர் மீது புகார் கொடுக்கலாம் என்று முடிவெடுத்துவிடும். அப்போது நான் ஒரு புதிய வரியைக் கொடுக்கிறேன்: ‘அந்த வாடிக்கையாளர் இப்போது உங்கள் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு.’ அறை அமைதியாகிவிடும். சட்டம் உங்கள் பக்கம் இருப்பதும் அதைப் பயன்படுத்துவதும் வேறு வேறு என்பதைப் பாடநூலிலிருந்து கற்பிக்க முடிந்ததில்லை. இதன் பிறகுதான் ட்ரெட்ஸ் என்ற, சிறு நிறுவனங்களின் பில்லுக்கு நிதி நிறுவனங்கள் பணம் தரும் இணையத் தளத்தில் பில்லைக் கொடுத்து முன்கூட்டியே பணமாக்குவது, அதற்கு வாங்குபவரின் ஒப்புதல் தேவை என்பது, 250 கோடிக்கு மேல் விற்பனையுள்ள நிறுவனங்கள் அதில் சேர்ந்தாக வேண்டும் என்பது, ஆர்டரில் பாதியை மட்டும் ஏற்பது, விலையில் தள்ளுபடி தந்து 45 நாளில் பணம் கேட்பது என்று உண்மையான மாற்று வழிகள் மேசைக்கு வரும்.

அடுத்த 40 நிமிடத்தில் ஒவ்வொரு குழுவும் உரிமையாளருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும். எடுக்கலாமா, வேண்டாமா என்ற முடிவு முதல் வரியில் இருக்க வேண்டும். அந்த முடிவால் அடுத்த நான்கு சனிக்கிழமைகளில் ரொக்கம் எப்படியிருக்கும் என்ற அட்டவணை அதற்குக் கீழே. பத்துக் குழுக்களையும் மேடையேற்ற நேரம் இல்லை. எதிரெதிர் முடிவெடுத்த இரண்டு குழுக்களை மட்டும் மீதியுள்ள நேரத்தில் பேச வைத்தால் போதும்.

10. விரிவுரையைக் கடைசியில் வைத்தல்

இப்போது ஒரு பாடவேளை விரிவுரை நடத்த வேண்டும். இதை விட்டுவிடும் ஆசிரியர்களும் உண்டு, அது தவறு. மாணவர்கள் துண்டு துண்டாகத் தேடியவற்றில் இடைவெளிகளும் பிழைகளும் இருக்கும். தேர்வுத்தாளில் வரும் சொற்களோடு தாம் கண்டதை இணைக்கவும் அவர்களுக்குத் தெரியாது. பணச் சுழற்சிக் காலம் என்ற பெயரை நான் முதன்முறை பலகையில் எழுதுவது இங்கேதான். சரக்கிருப்பு நாட்களை இந்தப் பிரச்சினையில் பெரும்பாலான குழுக்கள் தொடுவதேயில்லை என்பதால் அதற்குப் பாதி நேரம் கொடுக்கிறேன்.

11. மதிப்பெண்

முதல் முறை நான் குழு அறிக்கைக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்தேன். ஆறு பேர் பெயரில் வந்த அறிக்கையை ஒரே மாணவி இரவெல்லாம் விழித்து எழுதியிருந்தார் என்பது பின்னர்தான் தெரிந்தது. இப்போது 20 மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கிறேன்: குழுக் குறிப்புக்கு 6, கற்றல் பட்டியலின் தரத்துக்கு 4, தனித்தனியாக எழுதும் 20 நிமிடத் தேர்வுக்கு 10. அந்தத் தேர்வில் அதே நிறுவனத்தின் எண்களை மாற்றி, ஒரு சூழ்நிலையையும் மாற்றிக் கொடுக்கிறேன். உதாரணமாக, வாங்குபவர் 45 நாளில் தருகிறார், ஆனால் நூல் விலை ஏறிவிட்டது. குழுவோடு சேர்ந்து சிந்தித்தவருக்கு இது எளிது, பெயரை மட்டும் சேர்த்தவருக்குக் கடினம்.

சரியான முடிவு என்று ஒன்றுக்கு மதிப்பெண் வைக்கக் கூடாது. ஆர்டரை ஏற்ற குழுவும் மறுத்த குழுவும் முழு மதிப்பெண் பெறலாம், தங்கள் முடிவின் விலையை எண்ணாகச் சொல்லியிருந்தால். மாணவர் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறையை இருமுறை முயன்றேன். எல்லோரும் எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டதால் கைவிட்டுவிட்டேன்.

12. சுற்று முடிந்த அன்றே செய்ய வேண்டியது

பத்துக் குழுக்களின் சார்ட்டுகளையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, எந்தக் கேள்வி எத்தனை குழுக்களுக்குத் தோன்றவேயில்லை என்று எண்ணுங்கள். பாதிக் குழுக்களுக்குமேல் தவறவிட்டிருந்தால் தாளில் தடயம் போதவில்லை. எல்லாக் குழுக்களும் பத்து நிமிடத்தில் கண்டிருந்தால் தடயம் அதிகம். திருத்தத்தை அன்று மாலையே தாளில் எழுதிவிட வேண்டும், அடுத்த ஆண்டு நினைவிருக்காது. எண்களையும் ஆர்டர் அளவையும் மாற்றிவிடுங்கள். சீனியர்களின் குறிப்பு ஜூனியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர ஒரு கோடை விடுமுறை போதும்.